கப்பல் பயணத்தில் அப்பாவின் போர் நினைவிடம்: சேலத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவரும் உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் போடும்போது, அப்பாவோ தாத்தாவோ பட்டாளத்தில் இருந்த வீடாக இருந்தால் ஒரு பேச்சு கட்டாயம் வரும்: "அப்படியே அவர் பேர் எழுதியிருக்கிற இடத்தையும் பார்த்துட்டு வந்துடலாமே." பார்க்கலாம். ஆனால் டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு இடத்தை அப்புறம் தேடினால் பெரும்பாலும் கைகூடாது. பெயர் எந்த ஊரில், எந்தச் சுவரில், எத்தனையாவது பத்தியில் என்பதைச் சேலத்திலேயே உட்கார்ந்து கண்டுபிடித்துவிட வேண்டும். கப்பலும் தேதியும் அதற்கு அப்புறம்தான்.

டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது

முதலில் மெடல்கள். இரண்டாம் உலகப் போர் நட்சத்திரப் பதக்கங்கள் ஆறு முனை கொண்ட வெண்கலத் துண்டுகள். நடுவில் அரசரின் முத்திரை, அதைச் சுற்றி எந்தப் போர்க்களம் என்ற எழுத்து. பர்மா ஸ்டார் என்றால் 1941 டிசம்பர் 11-க்குப் பிறகு பர்மா முனை. பசிபிக் ஸ்டார் என்றால் பெரும்பாலும் மலாயா, சிங்கப்பூர். 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை நடந்த சண்டை. ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் இருந்தால் நீங்கள் தேட வேண்டியது கிழக்குக் கடலில் அல்ல, மத்தியதரைக் கடலில். இந்தியா சர்வீஸ் மெடலும் வார் மெடலும் மட்டும் இருந்து நட்சத்திரம் ஒன்றுகூட இல்லையென்றால், அவர் கடல் தாண்டாமலே இருந்திருக்கலாம். "சிங்கப்பூர் சண்டைக்குப் போனார்" என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தாலும் இதையும் மனத்தில் வையுங்கள்.

இந்தியப் படையினருக்குக் கொடுத்த மெடல்களில் பலவற்றில் பின்பக்கத்திலோ விளிம்பிலோ படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். கறுத்துப் போயிருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மங்கலாக இருக்கும் எழுத்து அதோடு போய்விடும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். அந்தப் படை எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மெடல் இல்லையென்றால் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் தாள், மணியார்டர் துண்டு, படம் போட்ட அட்டை எதுவானாலும் சரி. எதுவுமே இல்லாதவர்கள் சேலம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, பிரிவின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூரை அடுத்த வெலிங்டன். பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். பென்ஷன் இல்லாமல் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கோப்புகள் இத்தனை ஆண்டுக்குப் பிறகு இருப்பது அரிது. பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தாலே நல்லது என்ற எண்ணத்தோடு எழுதுங்கள்.

யாருக்கு எந்த இடம்

இதில்தான் நிறையப் பேர் தடம் மாறிப் போகிறார்கள். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் வருவது 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருந்தபோதோ பணியால் வந்த பாதிப்பாலோ இறந்தவர்கள் மட்டும். உங்கள் அப்பா உயிரோடு திரும்பி வந்து, ஆத்தூரில் கடை வைத்து, 1980-களில் காலமானார் என்றால் எந்தச் சுவரிலும் அவர் பெயர் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் அவருடைய பிரிவில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கும் பத்தியைப் பார்க்கப் போகலாம். அவர் வாயிலிருந்து கேட்ட பெயர்கள் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு.

நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவர், அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் இருந்த அம்மா, இவர்களுக்கு இடம் வேறு. எஸ்டேட்டில் பால் வெட்டப் போய், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு அதுவும் வேறு. மலாயா எஸ்டேட்டுகளுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த முக்கிய மாவட்டங்களில் பழைய சேலமும் ஒன்று என்பதால், இந்த மூன்றாவது வகைக் குடும்பங்கள் நம் பக்கம் அதிகம்.

பட்டியலில் தேடுவது

ஆணையத்தின் இணையதளத்தில் தேடுவது இலவசம். ஆனால் 'முத்துசாமி' என்று ஒரே எழுத்துக்கூட்டில் தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அன்றைய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். 'சாமி' சில இடத்தில் 'ஸ்வாமி'. கடைசி எழுத்து ஒரு இடத்தில் ஐ, இன்னொரு இடத்தில் ஒய். பழனி என்பது 'புல்னி' ஆகியிருக்கும். ழகரத்துக்கு எல், ஆர், இசட் எது வேண்டுமானாலும் வரும். ஒற்றைப் பெயர் உள்ளவர்களை 'குடும்பப் பெயர்' கட்டத்தில் போட்டுத் தேட வேண்டும். முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். படை எண் தெரிந்தால் பெயரே போடாமல் எண்ணை மட்டும் போடுவது மேல்.

பெயர் சிக்கவே இல்லையென்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. விரிவான தேடலில் 'கூடுதல் தகவல்' என்று ஒரு கட்டம் உண்டு. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்ற விவரம் அதில்தான் பதிவாகியிருக்கும். அங்கே 'சேலம்' என்று ஆங்கிலத்தில் போட்டு, படை என்பதில் 'இந்தியன்' என்று தேர்ந்தெடுங்கள். வரும் பட்டியலை இறக்கிக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களும் 'சேலம்' என்றே தேட வேண்டும். தர்மபுரி பிரிந்தது 1965-இல், நாமக்கல் பிரிந்தது 1997-இல். போர் நடந்தபோது எல்லாமே ஒரே மாவட்டம்.

கிடைத்த பதிவில் குறித்துக்கொள்ள வேண்டியவை நான்கு: நினைவிடத்தின் பெயர், பத்தி எண், பிரிவு, இறந்த தேதி. சிங்கப்பூர் நினைவுச் சுவரில் இடம் 'காலம்' (column, அதாவது பத்தி) எண்ணாகவும், ரங்கூன் சுவரில் 'ஃபேஸ்' (face, அதாவது முகப்பு) எண்ணாகவும் தரப்பட்டிருக்கும். கல்லறையாக இருந்தால் பாத்தி, வரிசை, கல் என்று மூன்று குறி இருக்கும். இவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போனபின் சிக்னல் இல்லாமல் தவிக்க வேண்டாம்.

இறந்த இடமும் பெயர் பொறித்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்ரமணியன், கண்ணிவெடிமேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்றவர், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் காசினோ பக்கம் மிக்னானோ அருகே இறந்தார். அவர் பெயர் இருப்பது நாட்டின் எதிர்க்கரையில் உள்ள சாங்ரோ ஆற்றுத் தகன நினைவிடத்தில். நேப்பிள்ஸில் கப்பல் நிற்கிறதே என்று காசினோவுக்கு ஓடினால் பார்க்க முடியாது.

தகன நினைவிடம் என்பதைத் தனியாகக் கவனியுங்கள். இந்து, சீக்கியப் படையினரை அவரவர் வழக்கப்படி எரித்தார்கள்; அதனால் பெரும்பாலும் அவர்களுக்குக் கல்லறைக் கல் கிடையாது, தகன நினைவிடத்தில் பெயர் மட்டும் இருக்கும். உடல் கிடைக்காதவர்கள் பெயர் பெரிய சுவரில். கல்லறை வரிசைகளுக்கு நடுவே மணிக்கணக்காக 'சாமி'யைத் தேடி அலைவது வீண்.

சிங்கப்பூர், கிராஞ்சி

பசிபிக் ஸ்டார் குடும்பங்களுக்கு இடம் கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டம்தான். சிங்கப்பூர் நினைவுச் சுவர்களில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. கீழே 4,400-க்கு மேற்பட்ட கல்லறைகள். தகன நினைவிடம் பெரிய நினைவகத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது; அதில் ஏறக்குறைய 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர். முன்பக்கம் பார்த்துவிட்டு முடிந்தது என்று இறங்கிவிடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கப்பல் மரினா பே துறையில் நின்றால் வழி சுலபம். பக்கத்திலேயே மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. நிலையம், வடக்கு-தெற்கு ரயில் பாதையின் கடைசி நிறுத்தம். அதே பாதையில்தான் கிராஞ்சியும் இருக்கிறது. வண்டி மாற வேண்டியதில்லை, ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஹார்பர்ஃபிரண்ட் துறையில் நின்றால் வடகிழக்குப் பாதையில் ஏறி தோபி காட்டில் மாறுங்கள். கிராஞ்சி நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ் சாலையோரமாக 10, 15 நிமிட நடை. கழிப்பறை வேலையை நிலையத்திலேயே முடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

நுழைந்ததும் பதிவேட்டுப் பெட்டியைத் தேடுங்கள். பார்வையாளர் ஏட்டில் ஒரு வரி தமிழில் எழுதலாம், தடை ஒன்றும் இல்லை. பிறகு மேட்டில் ஏறி, படியேற வேண்டும். ஏற்காட்டுக் காரர்கள் இதையெல்லாம் மேடென்றே சொல்ல மாட்டார்கள், ஆனால் 80 வயதைத் தாண்டிய அம்மாவைக் கூட்டிப் போனால் அந்த வெயிலும் புழுக்கமும் வேறு விஷயம். முதியவர்கள் உடனிருந்தால் நிலையத்திலிருந்தே டாக்சியில் உள்ளே போய்விடுங்கள்.

சுவரில் பெயர்கள் அகரவரிசையில் தொடங்குவதில்லை. முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள்தான் ஆங்கில அகரவரிசை. சுபேதார், ஜமேதார் மேலே; ஹவில்தார், நாயக் அடுத்து; சிப்பாய் அல்லது சாப்பர் அதன் கீழே. சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், துப்புரவுப் பணியாளர் என்று போனவர்களின் பெயர்களும் உண்டு. பட்டாளத்தில் இல்லை, 'சும்மா சமையலுக்குப் போனார்' என்று வீட்டில் சொல்லப்பட்டவரையும் தேடிப் பாருங்கள்.

படம் எடுக்கக் காலை வேளைதான் தோது. உச்சி வெயில் நேராக அடித்தால் பொறித்த எழுத்து வெளிறிப்போகும். பத்தி முழுவதும் ஒரு படம், பத்தி எண் தெரிய ஒரு படம், பெயர் மட்டும் ஒரு படம் எடுங்கள். கரி தேய்த்துத் தாளில் படியெடுப்பது, எழுத்தில் சுண்ணாம்பு, குங்குமம் பூசுவது வேண்டாம். கல் கறை பிடித்துவிடும்.

கிராஞ்சி காலை 7 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். கப்பல் சிங்கப்பூரில் ஒரு நாள் மட்டும் நிற்கிறது என்றால் கணக்கு இப்படி: 8 மணிக்குக் கரை சேர்ந்தாலும் குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வர 9.30 ஆகும், கிராஞ்சியில் 11, இரண்டு மணி நேரம் அங்கே, திரும்ப 2.30. மாலை 5 மணிக்குப் புறப்படும் கப்பலுக்கு இது போதும், 3 மணிக்குப் புறப்படுவதற்குப் போதாது. உங்கள் கப்பல் சிங்கப்பூரிலிருந்தே புறப்படுகிறது என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் சேலத்துக்காரர்களுக்கு இது பெரிய தொல்லையே இல்லை. அந்த ஒரு நாள் ஓட்டல் வாடகை, எல்லாப் பதற்றத்தையும் மிச்சப்படுத்தும்.

ஐ.என்.ஏ. குடும்பங்களுக்கு

இது நகரத்துக்குள்ளேயே அரை நாள் வேலை. எஸ்பிளனேடு பூங்காவில், பழைய இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னம் இருந்த இடத்தில் 1995-இல் வைத்த அடையாளக் கல் இருக்கிறது. நேதாஜி 1945 ஜூலை 8 அன்று அடிக்கல் நாட்டிய சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் தகர்த்தார்கள். எதிரே உள்ள பாடாங் மைதானத்தில்தான் 1943 ஜூலையில் அவர் படை அணிவகுப்பைப் பார்வையிட்டார். தோபி காட்டில் உள்ள கேத்தே கட்டடத்தில் 1943 அக்டோபர் 21 அன்று ஆசாத் ஹிந்த் அரசு அறிவிக்கப்பட்டது. பாரர் பார்க், 1942 பிப்ரவரி 17 அன்று இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்த மைதானம். அதே பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது. அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் லிட்டில் இந்தியா. பூ வாங்க அங்கே இறங்குங்கள்.

பினாங்கிலிருந்து தைப்பிங்

கப்பல் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். தைப்பிங் ஊரில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம் அங்கிருந்து சாலை வழியே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 850-க்கு மேற்பட்ட கல்லறைகள், அதில் 500-க்கு மேல் அடையாளம் தெரியாதவை. படகில் பட்டர்வொர்த் போய், இறங்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்கும் நிலையத்தில் இ.டி.எஸ். ரயில் ஏறலாம். ஆனால் திரும்பும் ரயிலில் இடம் இல்லையென்றால் கப்பலைக் கோட்டை விட்டுவிடுவீர்கள். பேசி வைத்த காரில் போவதே நல்லது. சாலையின் இருபுறமும் தோட்டம் இருப்பதை மறக்க வேண்டாம்: ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் முஸ்லிம்கள், கூர்க்காக்கள், மற்ற இந்தியப் படையினர்.

கப்பலில் போய்ப் பயனில்லாத இடங்கள்

தாய்லாந்தில் உள்ள காஞ்சனபுரி. மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். அதில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெயர் எந்த ஆணையப் பட்டியலிலும் இல்லை. காஞ்சனபுரியின் பெரிய கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்கள் ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள். நம் ஆட்களுக்கான இடம் வாட் தாவோன் வராராம் கோயில் வளாகம். 2023-இல் அங்கே தமிழ் நடுகல் நிறுவப்பட்டது. கப்பல் நிற்கும் லேம் சபாங்கிலிருந்து அங்கே போய்வர 500 கிலோமீட்டர் ஆகும். ஒரு நாளில் முடியாது. பாங்காக்குக்கு விமானத்தில் போய் இரண்டு நாள் தங்கிப் பாருங்கள்.

பர்மா ஸ்டார் குடும்பங்களுக்கு ரங்கூன் அருகே தாவ்க்யான் போர்க் கல்லறைத் தோட்டம்; ஏறக்குறைய 27,000 பெயர்கள் கொண்ட சுவர். நாட்டு நிலைமை சரியாகும்வரை அந்தத் திட்டத்தைத் தள்ளி வையுங்கள். ஆனால் ரங்கூன் என்று முடிவு கட்டும் முன் பதிவை இன்னொரு முறை பாருங்கள். பர்மா முனையில் இறந்தவர்களில் பலர் இம்பால், கோஹிமா தகன நினைவிடங்களில் இருக்கிறார்கள். அதற்குக் கப்பலும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம்.

கப்பல் சங்கதிகள்

'எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்' என்பது கப்பல் புறப்படும் நேரம் அல்ல; அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். கப்பல் கடிகாரமும் கரைக் கடிகாரமும் வேறுபடலாம். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம். செல்போன் தானாக நேரம் மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றாமல் விட்டிருக்கும். கப்பல் நேரம் வைத்த ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களே வைத்த காருக்குக் காத்திருக்காது.

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். அங்கிருந்து கிளம்பி மலேசியா போய் அங்கேயே திரும்பும் பயணமாக இருந்தால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பாருங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அரசு தளத்தில் அது இலவசம், காசு கேட்கும் தளங்கள் இடைத்தரகர்கள். பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. வண்ண நகல் கையில் இருக்கட்டும்.

பூ, கற்பூரம், மண்

கற்பூரம் விமானத்தில் ஏற்றக்கூடாத பொருள். ஊதுபத்தி, மெழுகுவத்தி கப்பலில் வாங்கி வைத்துவிடுவார்கள். நினைவிடத்தில் கல்லின்மேல் விளக்கேற்றினால் எண்ணெய்க் கறை போகாது. வ.உ.சி. மார்க்கெட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றிச் சாமந்திச் சரம் கொண்டுபோகிற ஆசையும் வேண்டாம். செடி, பூ, மண் எல்லாவற்றுக்கும் துறைமுகத்தில் தடை உண்டு. அங்கேயே மாலை வாங்கி, பெயருக்கு நேர் கீழே தரையில் வையுங்கள். அங்கிருந்து ஒரு பிடி மண் கொண்டு வருவதும் முடியாது. இந்தியாவுக்குள் அனுமதியில்லாமல் மண் கொண்டுவரக் கூடாது.

திதி தெரியாமல் மகாளய அமாவாசைக்கே எல்லாம் செய்துவரும் வீடுகளுக்குப் பதிவில் உள்ள தேதி உதவும். ஆங்கிலத் தேதியைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் திதி கிடைத்துவிடும். பிறகு பவானி கூடுதுறையில் முறைப்படி செய்யலாம். ஒன்று மட்டும் கவனம்: 1942 பிப்ரவரி 15 என்று இருந்தால் அது சிங்கப்பூர் சரணடைந்த நாள். காணாமல் போனவர்களுக்கு அந்தத் தேதியையே போட்டுவிட்ட பதிவுகள் உண்டு. அன்று அமாவாசை, சீனப் புத்தாண்டும் அதே நாள்தான். எனவே அமாவாசையன்று செய்துவரும் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

பெயரோ ஊரோ தவறாகப் பொறித்திருந்தால் அங்கே இருக்கும் தோட்டக்காரரிடம் முறையிட்டுப் பயனில்லை. ஆணையத்துக்கு இணையம் வழியாக எழுதுங்கள். படை எண், எழுத்துக்கூட்டு இரண்டும் தெரியும்படி மெடலின் பின்பக்கப் படம், கையில் உள்ள போர்க்காலத்துத் தாள், சுவரின் படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். வாரிசுச் சான்றிதழ் மட்டும் அனுப்பினால் எடுபடாது, போர்க்காலத்து ஆவணம்தான் அவர்களுக்கு முக்கியம். இணையப் பதிவு முதலில் திருத்தப்படும். கல்லில் திருத்தம் வர நாள் பிடிக்கும்.